மூன்று முறை சொன்ன பிள்ளைகள்

புதுக் கட்டடம் திறந்த அன்று தொட்டியங்கரைப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நாடா வெட்ட வந்த அதிகாரி ஒருவர், அவருடைய வண்டியை ஓட்டி வந்தவர் ஒருவர், ஊராட்சித் தலைவர் பரமேஸ்வரன், தலைமையாசிரியை எஸ்தர், சத்துணவு சமைக்கிற பூமயில், கட்டிக்கொடுத்த கொத்தனார், அவரிடம் வேலை பார்த்த சித்தாள்கள் இரண்டு பேர், மைக்செட்காரர், போட்டோக்காரர், லட்டுக் கூடையோடு நின்ற குருவம்மாவையும் சேர்த்துப் பெண்கள் முப்பத்து நான்கு, ஆண்கள் பத்தொன்பது, படிக்கிற பிள்ளைகள் இருபத்தொன்று. ஆக எண்பத்து நான்கு பேர். முதலில் உள்ளே நுழைய வேண்டும் என்று குளிப்பாட்டிக் கொண்டுவந்த பசுவும் கன்றும் இந்தக் கணக்கில் இல்லை.

டவுனில் வாங்கியது நூறு லட்டு. தலைக்கு ஒன்று கொடுத்தால் பதினாறு மிஞ்ச வேண்டும். குருவம்மா எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கூடைக்குள் பார்த்தபோது ஏழுதான் இருந்தது.

"எந்தக் கழுதைடி ரெண்டு வாங்குனது?" என்றாள்.

"ஒம்பது கழுதையா மதினி ரெண்டு ரெண்டு வாங்கும்?" என்றாள் பூமயில். சொல்லிவிட்டு அவள் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குருவம்மாவும் பார்த்தாள்.

புது பெஞ்சில், புதுச் சீருடையில், யாரும் கூட்டிவராத பிள்ளைகள் ஒன்பது பேர் உட்கார்ந்து லட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். சீருடை முப்பது வந்திருந்தது, இருபத்தொன்று கொடுத்ததுபோக ஒன்பது அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. எஸ்தர் டீச்சர் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார், காலியாக இருந்தது, மூடிவிட்டு வந்தார். கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பெண்பிள்ளை, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டு, நிமிர்ந்து குருவம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

தொட்டியங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் பெற்றவள் நிலைவாசலில் நின்று தெருவைப் பார்த்து மூன்று முறை பேர் சொல்வாள்; மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் அது அந்த வீட்டுப் பிள்ளை. யாராவது செத்துப்போனால், தூக்கிக்கொண்டு போன பிறகு, அதே வாசலில் நின்று மூன்று முறை "இங்கே இல்லை" என்று சொல்வார்கள். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் போனவர் போவார். இடையில் வாழ்கிற வாழ்வுக்கு அந்த வாசலில் சொல்ல வேண்டிய வார்த்தை எதுவும் இல்லை.

முந்தைய வருஷம் ஐப்பசி மழையில் பழைய ஓட்டுக் கட்டடத்தின் ஓடு சரிந்து குருவம்மாவின் மகன் மருது தலையில் விழுந்து நான்கு தையல் போட்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் மழை என்றால் விடுமுறை, வெயில் என்றால் வேப்பமரத்தடி, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து எஸ்தர் ஒரே டீச்சர், கழிப்பறைக்குக் கதவு கிடையாது என்பதால் வயதுக்கு வருகிற பருவத்துப் பெண்பிள்ளைகள் நான்காம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். முப்பது பிள்ளைகள் இருந்தால் புதுக் கட்டடமும் இன்னொரு வாத்தியாரும் உண்டு, இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடி நாலு கல் தொலைவில் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்று.

"ஒம்பது வீடு, வீட்டுக்கு ஒரு பிள்ளை கூடச் சொல்லுங்க. சொல்றதுதான, பெறவா போறீங்க?" என்றார் பரமேஸ்வரன்.

அதற்கு மேல் அவர் இன்னொன்றும் சொன்னார். நடக்க முடியாத பிள்ளை ஒன்று இருந்தால் இந்த ஊர் வரிசையில் முன்னுக்கு வரும், படிக்குப் பக்கத்தில் சாய்வான பாதை வரும், கழிப்பறை பெரிதாக வரும். யார் சொல்வது என்று கேட்டார். பொய்யாகக்கூட ஒரு நொண்டிப் பிள்ளையைத் தன் வாசலில் நின்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்தார்கள். குருவம்மாவுக்கு மருதுவின் தலைத் தையல் கண்ணுக்குள் நின்றது.

"நான் சொல்றேன், வெறும் வார்த்தைதான" என்றாள்.

கணக்கெடுக்க வந்தவர் கையில் பெரிய போன் மாதிரி ஒன்று வைத்திருந்தார். தொட்டியங்கரையில் சிக்னல் கிடையாது. ஒவ்வொரு வாசலிலும் அது நின்று நின்று போனது, அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க." ஒன்பது வீட்டிலும் நிலைவாசலில் நின்று தெருவைப் பார்த்து மூன்று மூன்று முறை சொன்னார்கள். தங்கமாரி, எட்டு வயசு, மூணாம் வகுப்பு, இடது கால் வராது. தங்கமாரி, எட்டு வயசு, மூணாம் வகுப்பு, இடது கால் வராது. மூன்றாவது முறை சொல்லும்போது குருவம்மாவுக்கு அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டது. காலையில் தின்ற பழைய சோறு என்று நினைத்துக்கொண்டாள்.

திறப்புவிழா முடிந்து மணி அடித்ததும் ஒன்பது பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு வந்தார்கள். வழி யாரும் காட்டவில்லை. தங்கமாரி குருவம்மாவின் வீட்டு மூன்று படியையும் இடது முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். சோலையப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு இது?" என்றான் பெண்டாட்டியிடம்.

"நம்ம வீட்டுல சொன்ன பிள்ள."

"ஓ" என்று அவன் வாளியைக் கீழே வைத்தான். "அப்ப இன்னொரு பாய் வேணும்ல."

அவ்வளவுதான். ஊர் அதற்கு மேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் தவளை வருகிறது, பங்குனியில் பேர் தெரியாத சொந்தக்காரர்கள் கோயில் பொங்கலுக்கு வருகிறார்கள், சொன்னால் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் வாரம் அரிசி கூடுதலாகப் போகிறது என்று முணுமுணுத்தார்கள், இரண்டாவது வாரம் பேன் பார்த்தார்கள், மூன்றாவது வாரம் திட்டத் தொடங்கினார்கள். பூமயில் மட்டும் தினமும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் முப்பது முட்டையை எண்ணி வைத்துவிட்டு, "போன வருசம் வரைக்கும் முப்பதுன்னு எழுதிட்டு இருபத்தொண்ண எண்ணுனா நெஞ்சு அடிச்சுக்கிரும், இப்ப கணக்கு சரியா இருக்கு மதினி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வாசலில் சொன்னது மட்டும்தான் இருந்தது. டீக்கடை வெள்ளைச்சாமி போதையில் "என் மகன் ஜெயசீலன் வகுப்புலயே மொதோ ஆளு" என்று மூன்று முறை சொல்லியிருந்தான். ஜெயசீலன் எதைக் கேட்டாலும் முதலில் கையைத் தூக்கினான், ஆனால் அவனுக்கு விளையாடத் தெரியவில்லை. ஒரு வீட்டில் அவசரத்தில் வயதைப் பதினான்கு என்று சொல்லிவிட்டார்கள். மீசை அரும்பிய ஐயனார் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். இன்னொரு வீட்டில் "மாமா வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொன்ன அமுதவல்லி எங்கே உட்கார்ந்தாலும் கிளம்பப்போகிறவள்போலப் பையை மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு வீட்டில் பதற்றத்தில் பேர் வராமல் "பாப்பா, பாப்பா, பாப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பாப்பாவின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் திரும்பியவுடன் மறந்துவிடும்.

குருவம்மா தங்கமாரியின் முகத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், தலைமுடியைப் பார்ப்பாள், இடுப்புக்குக் கீழே பார்க்க மாட்டாள். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை அவளுக்கு வைத்தாள்.

"ஒனக்கு என்னடி பிடிக்கும்? கருவாடா, மீனா?"

"தெரியலம்மா, நீங்க அதச் சொல்லலையே" என்றாள் தங்கமாரி குறையாக இல்லாமல், கேட்டதற்குப் பதிலாக. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "என் கால் ஏன்மா இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

குருவம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பு அணைந்து நெடுநேரமாகியிருந்தது. மறுநாள் விடிவதற்கு முன்னால் நிலைவாசலில் நின்று தெருவைப் பார்த்து "தங்கமாரிக்குக் கால் நல்லா இருக்கு" என்று மூன்று முறை சொன்னாள், ஏழு முறை சொன்னாள், தொண்டை கட்டும்வரை சொன்னாள். உள்ளே பிள்ளை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சத்தம் அதே சத்தமாகத்தான் கேட்டது. அந்த வாசல் பிள்ளையைக் கொண்டுவரும், அனுப்பும், திருத்தாது.

திருத்தியது பள்ளிக்கூடம்தான் என்றால் அது பாதி உண்மை. அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் பெய்தது, ஒரு நாள்கூட மணியடித்து வீட்டுக்கு அனுப்பவில்லை. வெளியே மழை கொட்ட, உள்ளே எஸ்தர் டீச்சர் ஓர் அறையிலும் புதிதாக வந்த கதிரேசன் சார் அடுத்த அறையிலும் பாடம் எடுக்க, ஒரு வகுப்பின் வாய்ப்பாடு இன்னொரு வகுப்பின் பாட்டோடு மோதாமல் தனித்தனியாகக் கேட்டது. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் கதவுள்ள கழிப்பறையைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நிற்காமல் தொடர்ந்து வந்தார்கள். அந்த வெளிச்சமான அறையில், சொன்ன பிள்ளைகளுக்குச் சொல்லப்படாதவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஜெயசீலன் முதல் முறையாகக் கணக்கைத் தப்பாகப் போட்டான், வகுப்பே கைதட்டியது, அன்று சாயங்காலம் கபடி விளையாடினான். அமுதவல்லி பையைக் கீழே வைத்தாள். பாப்பா ஒருநாள் சிலேட்டில் தன் பேரை வெண்ணிலா என்று தானே எழுதி டீச்சரிடம் காட்டினாள், அதற்குப் பிறகு அவள் முகம் மறக்கவில்லை. தங்கமாரிக்கு முட்டையில் மஞ்சள் கரு பிடிக்கும் என்று தெரிந்தது. வெள்ளையை முதலில் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் கடைசிக்கு வைத்திருப்பாள். "எனக்கு ஒண்ணு பிடிக்குதும்மா" என்று சாய்வுப் பாதையில் இறங்கி ஓடிவருவதுபோல் வந்து சொன்னாள். தன் வீட்டு அடுப்பில் கிடைக்காத ஒன்று அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைத்ததில் குருவம்மாவுக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் வந்தது.

அந்தப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் விஜயதசமி அன்று பக்கத்து ஊரான கீழக்காட்டிலிருந்து ஒருத்தி தன் மகன் செல்லையாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது, பிறந்ததிலிருந்து இரண்டு காலும் இல்லை என்கிற மாதிரி, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கட்டடத்தோடு வந்திருந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அந்தச் சரிவில் தங்கமாரிதான் அவனைத் தள்ளிக்கொண்டு ஏறினாள்; நொண்டி நொண்டி, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு. செல்லையாவின் தாய் குருவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பிள்ளையாலதான் அக்கா இந்தப் பாதை வந்துச்சாம். ஒங்களுக்குப் புண்ணியம்" என்று அழுதாள். குருவம்மா கையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தாள்.

அன்றைக்குச் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். ஐந்து பேர் டவுனுக்கு வேனில் போய்க்கொண்டிருந்தவர்கள், ஆறு பேர் கீழக்காட்டுப் பிள்ளைகள். கட்டடம் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிட்டது. பெற்ற பிள்ளைகள் மட்டுமே இப்போது முப்பத்திரண்டு, சொன்ன பிள்ளைகளோடு நாற்பத்தொன்று. ஊர் சந்தோஷப்பட்டது. தை மாதம் பிறந்ததும் யாரோ எழுதிப்போட்டுவிட்டார்கள், தொட்டியங்கரையில் இல்லாத பிள்ளைகளுக்கு முட்டை போகிறது என்று. வீடு வீடாக விசாரிக்க ஆள் வருகிறது என்று செய்தி வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஒன்பது வீட்டாரும் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூடினார்கள். ரேஷன் அட்டையில் இல்லை, பிறப்புச் சான்று இல்லை, கேஸ் என்று வந்தால் யார் போவது என்று மாற்றி மாற்றிப் பேசினார்கள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மூணு தடவ கேப்பாரு, அந்த மெசினு அப்பிடித்தான். அவ்வளவுதான்" என்றார் பரமேஸ்வரன்.

"அவ்வளவுதானா தலைவரே?" என்றாள் பூமயில்.

அவர் துண்டை உதறினார். "இப்ப நமக்குத்தான் முப்பத்திரெண்டு இருக்குல்ல."

"தேவையில்லன்னா அனுப்பிறதா? வைக்கப்போரா அது?"

"பொய்யில வந்ததுதான பூமயிலு" என்றான் வெள்ளைச்சாமி. அன்று அவன் குடித்திருக்கவில்லை.

"பொய் சொன்னது நாமளா, பிள்ளைகளா?" என்றாள் குருவம்மா. சொல்லிவிட்டுத் தானே அடங்கிப்போனாள், ஏனென்றால் நாளைக்குத் தான் என்ன சொல்லப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. செத்தவர்களுக்கு வாசலில் சொல்கிற அந்த இரண்டு வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தூணுக்குப் பின்னால் சாய்வுப் பாதையில் உட்கார்ந்து தங்கமாரி கேட்டுக்கொண்டிருந்ததைக் கலைந்து போகும்போதுதான் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் எட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். தங்கமாரி மட்டும் தலைவாரி, பையை மாட்டி, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மணி அடிச்சிருச்சுடி."

"அந்த சார் கேட்டுட்டுப் போகட்டும், பெறகு போறேன்மா."

தெருவின் அந்தக் கோடியிலிருந்து விசாரணைக்காரர் வந்தார். இளவயதுக்காரர், வெயிலில் முகம் சிவந்திருந்தது, கையில் அதே மாதிரி போன். ஒவ்வொரு வாசலிலும் அது நின்று நின்று போனது. "அப்படி ஒரு பிள்ள இங்க இல்ல சார்" என்கிற குரல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மூன்று முறை கேட்டது. முதல் முறை சத்தமாக, இரண்டாவது முறை மெதுவாக, மூன்றாவது முறை தெரு நாய்க்குக்கூடக் கேட்காத அளவுக்கு. வெள்ளைச்சாமி மூன்றாவது முறை சொல்லிவிட்டு அப்படியே நிலைக்கல்லில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஒவ்வொரு மூன்றாவது முறைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வாய்ப்பாட்டுச் சத்தத்தில் ஒரு குரல் குறைந்தது. அது தனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று குருவம்மா தங்கமாரியைப் பார்த்தாள். தங்கமாரி விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது வீடு.

"தங்கமாரி, எட்டு வயசு. இந்த வீட்டுல அப்படி ஒரு பிள்ளை இருக்காம்மா?"

குருவம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளிருந்து சோலையப்பன் தொண்டையைச் செருமினான். மருதுவின் பேர் இருக்கிற ரேஷன் அட்டையும், கேஸும், போலீசும், எட்டு வீடும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு ஒரு வீடு மட்டும் வேறு சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அந்தச் செருமலில் இருந்தது.

போன் நின்றுபோனது. அவர் அதைத் தட்டினார். "இன்னொரு தடவ கேக்குறேன். இருக்கா?"

குருவம்மா முதல் முறையாகக் குனிந்து அந்த இடது காலைப் பார்த்தாள். சூம்பிய கெண்டைக்காலில் சரிவில் நாற்காலி தள்ளியபோது சிராய்த்த காயம் காய்ந்திருந்தது. அந்தக் காயத்தை அவள் சொல்லவில்லை. அது அவள் சொல்லாமலே வந்தது.

"இருக்கா சார். இந்தா உக்காந்திருக்கா."

"உங்க பிள்ளையா?"

"என் பிள்ளை."

"சரியாப் பதியல, இன்னொரு தடவ."

"என் பிள்ளை சார், என் பிள்ளை."

அவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். "பிறப்புச் சான்று?"

"இல்ல சார்."

"கால் எப்படி இப்படி ஆச்சு?"

தங்கமாரி தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். எத்தனையோ நாள் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியை வேறொருவர் கேட்டுவிட்டார்.

"என்னாலதான் சார்" என்றாள் குருவம்மா.

"சொட்டு மருந்து போடாம விட்டுட்டீங்களா?"

"இவ காலு நல்லா இருக்கணும்னு நான் நெனச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் நெனக்கல. எங்களுக்குக் கட்டடம் வேணும், வேலை ஆகணும், அதுக்காக விட்டுட்டேன். பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல."

வேலைக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையைக் கவனிக்காமல் விட்ட தாய் என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்த மாதிரித் தாய்மாரை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "இப்ப அழுது என்னம்மா செய்ய? தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிட்டு வாங்க, சான்றுக்கு எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது குருவம்மாவுக்குத் தெரிந்தது.

தங்கமாரி பரவாயில்லை என்று சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, பையைச் சரிசெய்துகொண்டு, "நேரமாச்சு, வாங்க" என்றாள்.

இரண்டு பேரும் தெருவழியாக நடந்தார்கள். எட்டு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எஸ்தர் டீச்சர் கையில் சாக்கட்டியோடு பலகைக்கு முன்னால் எழுதாமல் நின்றுகொண்டிருந்தார். எட்டு இடங்களில் பை இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது, ஐயனாரின் பெஞ்சுக்கடியில் அவன் கால் நீட்டி நீட்டித் தேய்ந்த தடம் இருந்தது, வெண்ணிலா என்று எழுதிய சிலேட்டு எழுத்து அழியாமல் இருந்தது. கட்டடத்தில் ஒரு கீறல் விழவில்லை. காற்றும் வெளிச்சமும் எப்போதும்போல நன்றாக வந்தன. செல்லையா சரிவின் அடியில் நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான். தங்கமாரி அவனுக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். எப்போதும் கூடத் தள்ளுகிற கை ஒன்று அன்று இல்லாததால் குருவம்மாவும் பிடித்தாள். தங்கமாரி அவள் கையைத் தள்ளிவிடவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

பூமயில் விடியற்காலையிலேயே முட்டையை எண்ணிப் போட்டு அவித்திருந்தாள். மத்தியானம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவர் தட்டிலும் ஒவ்வொன்று வைத்தாள். தங்கமாரி வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், அன்றைக்கு மட்டும் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று வேண்டுமா என்று பூமயில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். மருது வேண்டாம் என்றான். ஜெயசீலனோடு கபடி ஆடியவர்கள் வேண்டாம் என்றார்கள். முட்டைக்குச் சண்டை போடுகிற ஒன்றாம் வகுப்புக்கூட வேண்டாம் என்றது.

பிள்ளைகள் கை கழுவப் போனபிறகு பூமயில் சட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எண்ணினாள். நம்பாமல் குருவம்மா கையால் ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து எண்ணினாள். அவித்தது நாற்பத்தொன்று, கொடுத்தது முப்பத்து மூன்று.

மிச்சம் எட்டு.